நாற்பத்தொன்றாம் மனைமேல் ஒரு கண்

வெயில் சாயத் தொடங்கியதும் குளிர்காலத்தில் இழுவை வீடுகளோடு வருகிறவர்கள் தங்கும் எங்கள் முகாமில் மடக்கு நாற்காலிகள் வெளியே வரும். புதிதாக வருகிற வண்டிகள் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் வாயிலைத் தாண்டும். பிக்கப் வண்டியின் பின்னால் பூட்டிய இழுவை வீட்டைப் பின்னோக்கி நகர்த்தி, இரண்டு கருவேல மரங்களுக்கு நடுவே உள்ள மனைக்குள் நுழைக்க அவர்கள் படும் பாட்டைப் பார்ப்பதைவிடச் சிறந்த பொழுதுபோக்கு இந்தப் பாலைவனத்தில் கிடையாது. கணவன் ஓட்டுவான், மனைவி பின்னால் நின்று கை காட்டுவாள், இரண்டாவது முயற்சிக்குள் இருவருக்கும் பேச்சு நின்றுவிடும். வண்டி ஒருவழியாக நிலைக்கு வந்ததும் நாற்காலிக்காரர்கள் விரல்களை உயர்த்தி மதிப்பெண் போடுவார்கள். பத்து விரலும் உயர்வது அபூர்வம்.

அப்படி உயர்ந்த தருணங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் பதினேழாம் மனையின் ஆர்லிஸ் நட்சன். மினசோட்டா மாநிலத்தின் வடபகுதியில் உருளைக்கிழங்குப் பண்ணை வைத்திருந்த குடும்பம். அறுவடை முடிந்து பனி விழுவதற்குள் அவரும் கணவர் டெல்மரும் இழுவை வீட்டைப் பூட்டிக்கொண்டு தெற்கு அரிசோனாவுக்கு வந்துவிடுவார்கள்; பங்குனி வெயில் ஏறும்போது திரும்பிப் போவார்கள். முகாமின் மேலாளர் என் தந்தை. பட்ட மேற்படிப்புக்கு இடையிலும் குளிர்காலங்களில் அலுவலக மேசையில் உட்காருவது என் பொறுப்பு. ஆகவே ஆர்லிஸின் வருகையும் போக்கும் என் ஜன்னல் வழியாகவே நடந்தன.

புதிய வண்டி ஒன்று வாயிலில் தெரிந்தால் போதும், ஆர்லிஸ் செம்மஞ்சள் நிறக் கையுறைகளை மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவார். அவருடைய சைகைகளில் குழப்பம் என்பதே இராது. இடக்கை நீண்டால் பின்பக்கம் இடப்புறம் போக வேண்டும். இரு உள்ளங்கைகளும் நெருங்கினால் இடைவெளி குறைகிறது. முஷ்டி மடங்கினால் நிறுத்த வேண்டும். ஓட்டுகிறவரிடம் முதலிலேயே ஒரு விதியைச் சொல்லிவிடுவார்.

"உங்க கண்ணாடியில என் மூஞ்சி தெரியணும். தெரியலேன்னா உடனே நிறுத்திடுங்க. என்னைத் தேடிக்கிட்டே ஓட்டாதீங்க."

எத்தனையோ தம்பதிகளின் மணவாழ்க்கையை அந்தக் கையுறைகள் காப்பாற்றியதாக இருபதாம் மனையின் ராய்ஸ் சொல்லுவார். ராய்ஸ் நாற்காலி வரிசையின் நிரந்தர உறுப்பினர். மதிப்பெண் போடும் கூட்டத்துக்குத் தம்மைத் தாமே தலைவராக்கிக்கொண்டவர்.

டெல்மர் சென்ற கோடையில் வயலிலேயே மாரடைப்பால் இறந்தார். அந்தக் கார்த்திகையில் ஆர்லிஸ் வரமாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆனால் வந்தார், தாமே ஓட்டிக்கொண்டு, தனியாக. வந்தது நண்பகலில், முகாம் முழுவதும் பொதுக்கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில். மாலையில் ராய்ஸ் பதினேழாம் மனையைச் சுற்றிவந்து பார்த்தார். இழுவை வீடு கோடு போட்டாற்போல் நின்றிருந்தது.

"யாரும் இல்லாம, நீயா ஏத்தினே? ஒத்த ஆளா?" என்று கேட்டார்.

"வேற யாரு ஏத்துவா," என்றார் ஆர்லிஸ்.

அன்று எரிவாயு உருளை கொண்டுவந்த ஆளிடம் ஆர்லிஸ் சாவியைக் கொடுத்ததையும், அந்த ஆள் ஏறி உட்கார்ந்து வண்டியை மனைக்குள் தள்ளியதையும், ஆர்லிஸ் வழக்கம்போல் பின்னால் நின்று கை காட்டியதையும் பார்த்தது நான் ஒருத்திதான். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. பயணக் களைப்பு என்று எண்ணிக்கொண்டேன். உண்மை வேறு. டெல்மருடன் கழிந்த அத்தனை ஆண்டுகளிலும் ஆர்லிஸ் ஒருமுறைகூட இழுவை வீட்டைப் பின்னோக்கி ஓட்டியதில்லை. மனைக்குள் ஏற்றுவது டெல்மர் வேலை, கை காட்டுவது ஆர்லிஸ் வேலை என்று பிரிந்திருந்தது. "நீ வெளிய நின்னாதான் வண்டி உள்ள போகும்," என்று டெல்மர் நாலு பேர் எதிரில் பெருமையாகச் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, பின்னோக்கி ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற எண்ணமே ஆர்லிஸுக்கு எழவில்லை. முன்னோக்கி எத்தனை மாநிலங்களையும் கடப்பார். வீட்டைப் பூட்டியபின் பின்னோக்கி ஒரு முழம் நகர்த்தத் தெரியாது.

எங்கள் முகாமில் பின்னோக்கி ஏற வேண்டிய அவசியம் இல்லாத மனை ஒன்றே ஒன்றுதான். பாதை வளைகிற கடைசியில் உள்ள நாற்பத்தொன்று. ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறலாம். அதில் லோவெல் ஹேகன் என்ற முதியவர் பல குளிர்காலங்களாக இருந்தார். எங்கள் முகாமில் ஒரு மனையை நிரந்தரமாக விட்டுப் போகிறவர் அடுத்து யார் என்று அலுவலகத்தில் சொல்வதில்லை. வண்டி கிளம்பும் காலையில், தாம் விரும்பும் ஆளின் மடக்கு நாற்காலியை வாங்கிவந்து, காலியான மனையின் நடுவில் வைத்துவிட்டுப் போவார். நாற்காலியின் முதுகில் உரியவரின் பெயர் இருக்கும். என் தந்தை அதை மறுத்ததே இல்லை.

ஆர்லிஸுக்கு அந்த மனை வேண்டும். வடக்கே மகன் கர்ட்டிஸ் இழுவை வீட்டை வாங்க ஆள் பார்த்து வைத்திருந்தான். தொலைபேசியில் ஒவ்வொரு ஞாயிறும் அதே பேச்சு. "அடுத்த வருஷம் நீ எப்படிம்மா தனியா போவ? அங்க போய் யார் கையில சாவியைக் குடுப்ப?" எரிவாயு ஆள் விஷயத்தை ஆர்லிஸ் அவனிடம் மட்டும் வாய்தவறிச் சொல்லியிருந்தார். நாற்பத்தொன்று கிடைத்தால் யார் கையிலும் சாவியைக் கொடுக்க வேண்டியதில்லை. கிடைக்காவிட்டால் கர்ட்டிஸ் சொல்வதுதான் சரி என்றாகிவிடும்.

இந்த நிலையில்தான் தை மாதத்தில் கொரின் அபெர்னதி வந்து சேர்ந்தார்.

ஓரிகானிலிருந்து வந்த, ஆர்லிஸின் வயதையொத்த பெண். அவருடைய இழுவை வீடு ஆர்லிஸினுடையதைவிட நீளம். வெள்ளித் தகடுபோல் பளபளத்தது. நாற்காலிகள் நிறைந்திருந்த மாலை. ஆர்லிஸ் கையுறைகளுடன் முன்னால் போய், வழக்கமான விதியைச் சொல்ல வாயெடுத்தார். கொரின் ஜன்னல் கண்ணாடியை இறக்கி, "ரொம்ப நன்றி. நானே பாத்துக்கறேன். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, தூசி அடிக்கும்," என்றார். பிறகு ஒரே வீச்சு. வண்டி வில்லாக வளைந்து மனைக்குள் போய் நின்றது. நாற்காலி வரிசை எழுந்து நின்றது. ராய்ஸ் பத்து விரலையும் உயர்த்திவிட்டு, போதாதென்று ஒரு காலையும் தூக்கினார்.

ஆர்லிஸ் கையுறைகளைக் கழற்றிப் பையில் செருகிக்கொண்டு என் ஜன்னலருகே வந்தார்.

"பாத்தியா? தள்ளி நில்லுன்னா. தூசியாம். நான் பண்ணைல பொறந்தவ, எனக்குத் தூசியைப் பத்திச் சொல்றா."

"நல்லாத்தானே ஏத்தினாங்க," என்றேன்.

"யாரு இல்லேன்னா? ஆனா பாரு, மின்கம்பத்துக்கும் அவ வண்டிக்கும் நடுவுல எவ்ளோ இடைவெளி விட்டிருக்கா. நானா இருந்தா இன்னும் அரை அடி நெருக்கி விட்டிருப்பேன். டெல்மர் ஏத்தினா அளந்து வச்ச மாதிரி இருக்கும்."

கொரினுக்குக் கிடைத்தது பதினெட்டாம் மனை. ஆர்லிஸின் சமையல் மேடை ஜன்னலுக்கு நேரெதிர். அந்த ஜன்னலின் திரை அன்றிலிருந்து ஒரு விரல் அகலம் எப்போதும் திறந்தே இருந்தது.

ஆர்லிஸின் கோபத்துக்குத் தூசி ஒரு சாக்குதான். அடுத்தடுத்த நாள்களில் முகாமின் பெண்கள் ஒவ்வொருவராகக் கொரினைத் தேடிப் போனார்கள். நீச்சல் குளத்துக்குப் பின்னால் இருந்த வெற்றுச் சரளை நிலத்தில் பிளாஸ்டிக் வாளிகளை நட்டு, பின்னோக்கி ஓட்டும் பயிற்சி தொடங்கியது. இதுவரை கை காட்டிக்கொண்டே இருந்தவர்கள் ஓட்டுநர் இருக்கையில் ஏறினார்கள்; கணவர்கள் இறங்கி நின்று தலையில் கைவைத்துக்கொண்டார்கள். சிரிப்புச் சத்தம் பதினேழாம் மனைவரை கேட்டது. ஆர்லிஸ் தம் காலைநடையை மாற்றிக்கொண்டார். சரளை நிலத்தை ஒட்டிப் போகும் வழி அதுவரை அவருக்குப் பிடிக்காத வழி. மெதுவாக நடப்பார். யார் எந்த வாளியை இடித்தார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

"நீங்களும் வாங்களேன்," என்று ஒருநாள் கொரின் கூப்பிட்டார். "நீங்க வந்தா நானே நாலு விஷயம் தெரிஞ்சுக்கலாம். எல்லாரும் உங்களைப் பத்தித்தான் சொல்றாங்க."

"எனக்கு எதுக்கு? நான் ஏற்கெனவே ஏத்தினவதானே," என்றார் ஆர்லிஸ். அதைச் சொன்ன கணத்தில் அந்தக் கதவு சாத்திக்கொண்டுவிட்டது. இனி அந்தச் சரளை நிலத்தில் அவர் கால் வைக்க முடியாது. வைத்தால் முதல் வாளியிலேயே குட்டு உடையும்.

புதன்கிழமை விருந்துகளில் நிலைமை இன்னும் மோசம். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் வழக்கம். ஆர்லிஸின் உருளைக்கிழங்கு அடுக்குச் சுடல், கறியும் காளானும் வைத்து மேலே உருளை உருண்டைகள் அடுக்கி அடுப்பில் சுட்டது, பல ஆண்டுகளாக முதலில் காலியாகும் பாத்திரம். கொரின் பச்சை மிளகாயும் பன்றிக்கறியும் போட்ட குழம்பு ஒன்று கொண்டுவந்தார். அன்று ஆர்லிஸின் பாத்திரத்தில் பாதி மிஞ்சியது. அவர் மூடியைச் சாத்தி, மேலே ஒரு துணி போட்டு, துணிமேல் பை வைத்து, யாரும் அளவு பார்க்காதபடி தூக்கிக்கொண்டு போனார்.

அந்தப் புதன்கிழமையே லோவெல் எழுந்து நின்று, பங்குனியோடு தாம் வண்டி ஓட்டுவதை நிறுத்தப்போவதாக அறிவித்தார். கண் பார்வை குறைந்துவிட்டது, அண்ணன் மகன் வந்து வண்டியை ஓட்டிக்கொண்டு போவான், இனி லோவெல் வரமாட்டார். ராய்ஸ்தான் வாயைத் திறந்தார்.

"அப்போ நாற்பத்தொண்ணு யாருக்கு, கிழவா? இப்பவே சொல்லிடு. நாங்க பந்தயம் கட்டணும்."

"தேவைப்படறவங்களுக்கு," என்றார் லோவெல்.

ஆர்லிஸ் மேசைக்கு அப்பால் பார்த்தார். லோவெலின் தட்டில் கொரின் இரண்டாம் முறையாகக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தார்.

மறுநாளிலிருந்து நாற்பத்தொன்றாம் மனை ஆர்லிஸின் கண்காணிப்பில் வந்தது. அங்கே அவர் கண்டது ஒரு நீல நாற்காலி. முதுகில் வெள்ளை எழுத்தில் கொரின் என்று இருந்தது. லோவெலின் பந்தல் துணிக்குக் கீழே, அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில். காலையில் கொரின் அங்கே காப்பி குடிக்கப் போவார். குடித்து முடித்து எழுந்து வந்துவிடுவார். நாற்காலி மட்டும் அங்கேயே இருந்தது. மாலையிலும் இருந்தது. மறுநாளும். ஆர்லிஸ் அதை என்னிடம் ஒரு துர்ச்செய்தியைப் போலச் சொன்னார்.

"நாற்காலியை இப்பவே கொண்டுபோய் வச்சுட்டா. அந்தக் கிழவருக்குக் கண்ணு தெரியாதுன்னு தெரிஞ்சே பண்றா."

"காப்பி குடிக்கத்தான் போறாங்க. தூக்கிக்கிட்டு வர சோம்பலா இருக்கும்."

"காப்பியா அது? கழுவின தண்ணி. நான் ஒரு தடவை குடிச்சிருக்கேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவளுக்கு எதுக்கு அந்த மனை? ஒத்தக் கையில ஏத்தறவளுக்கு எதுக்கு?"

இதை அவர் லோவெலிடமே கேட்டிருக்கலாம். 'எனக்கு அது வேண்டும், காரணம் இது' என்று சொல்லியிருக்கலாம். அதற்காகத்தான் ஒரு மாலையில், ஊரிலிருந்து உறையவைத்துக் கொண்டுவந்த ருபார்ப் என்னும் புளிப்புத் தண்டில் இனிப்புப் பலகாரம் ஒன்றைச் சுட்டு எடுத்துக்கொண்டு போனார். நான் தபால் கொடுக்கப் போயிருந்ததால் அந்தப் பேச்சின் பெரும்பகுதி என் காதில் விழுந்தது. லோவெல் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார்.

"இதுக்காகவே இன்னும் ஒரு வருஷம் வரலாம் போலிருக்கு, பொண்ணே."

"வாங்களேன். யாரு வேணாம்னா?" ஆர்லிஸ் கொரினின் நீல நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். "இந்த மனை யாருக்குன்னு யோசிச்சாச்சா?"

"யோசிச்சுட்டேன். முடியாதவங்களுக்குத்தான் குடுக்கணும். உன்னை மாதிரி ஆளுக்கு இது எதுக்கு? டெல்மர் போனப்புறமும் ஒத்த ஆளா ஏத்திக் காட்டினியே. ராய்ஸ் எங்கிட்ட வந்து சொன்னான். டெல்மர் இருந்தா எவ்ளோ பெருமைப்பட்டிருப்பான்."

ஆர்லிஸ் வாயைத் திறந்தார். உள்ளே இருந்த சொல் உதட்டுவரை வந்ததை நான் பார்த்தேன். அப்போது அவர் பார்வை நீல நாற்காலிமேல் விழுந்தது. அதன் கைப்பிடியில் கொரினின் கம்பளிச் சட்டை மடித்துத் தொங்கியது, சொந்த வீட்டில் தொங்குவதைப் போல.

"ஆமா, பெருமைப்பட்டிருப்பார்," என்றார் ஆர்லிஸ். தட்டை வாங்கிக்கொள்ளாமலே திரும்பி நடந்தார்.

லோவெல் கிளம்பிய காலையில் முகாம் முழுவதும் வாயிலுக்கு அருகே கூடியிருந்தது. போகிறவரைக் கையசைத்து வழியனுப்புவது வழக்கம். ஆர்லிஸ் அங்கே இல்லை. தம் மனையில் ஜாக்கியை இறக்கி, சக்கரக் கட்டைகளை உருவி, பிக்கப்பை இணைப்பில் பூட்டிக்கொண்டிருந்தார். அவருடைய கணக்கு எளிமையானது. நாற்காலி ஒரு வழக்கம்தான், சட்டம் அல்ல. நாற்காலியைப் பார்த்த பிறகு உள்ளே நுழைந்தால் அது அடாவடி. பார்ப்பதற்கு முன்பே நுழைந்து நின்றுவிட்டால், தெரியாமல் வந்தேன் என்று சொல்லலாம். கொரின் வாயிலில் நின்று கையசைத்துவிட்டு வருவதற்குள் நாற்பத்தொன்றில் ஆர்லிஸின் வண்டி நிற்க வேண்டும்.

அவர் நாற்பத்தொன்றின் பக்கம் திரும்பிப் பார்க்காமலே வேலை செய்தார். மின்கம்பியைக் கழற்றினார். தண்ணீர்க் குழாயைக் கழற்றினார். புறப்படுமுன் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்துவர வேண்டும் என்பது இந்த வாழ்க்கையின் முதல் பாடம். மற்ற எல்லோருக்கும் அதை நினைவூட்டுகிறவரே ஆர்லிஸ்தான். அன்று அவர் நடக்கவில்லை. ஏறி உட்கார்ந்து கிளப்பிவிட்டார்.

கழிவுக் குழாய் பூட்டியபடியே இருந்தது.

தரையிலிருந்த முனை பிடுங்கிக்கொண்டு வந்தது. வண்டியோடு ஒட்டியிருந்த மறுமுனையில் அந்த நீண்ட பழுப்புக் குழாய் பாம்புபோல் நெளிந்து சரளையில் தடதடத்தது. வால்வு மூடியிருந்ததால் பெரிய அசிங்கம் நேரவில்லை. குழாயில் தங்கியிருந்தது மட்டும் பாதை நெடுகச் சொட்டியது. வாயிலில் நின்ற கூட்டம் திரும்பிப் பார்த்தது. எங்கள் மக்களுக்கு இதைவிடப் பெரிய தலைகுனிவு கிடையாது. மற்ற எந்தப் பிழைக்கும் சிரிப்பார்கள். இதற்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

ஆர்லிஸ் எதையும் கவனிக்காமல் வளைவைத் திரும்பினார். நாற்பத்தொன்றின் நடுவில் ஒரு நாற்காலி இருந்தது. நீலம் அல்ல, சிவப்புக் கோடு போட்டது. முதுகில் ஃப்ரீசன் என்று எழுதியிருந்தது. அதன் பக்கத்தில் டீனா ஃப்ரீசன் வாருகோலால் சரளையைச் சமப்படுத்திக்கொண்டிருந்தார். கனடாவின் சஸ்காச்சுவனிலிருந்து வந்தவர்கள், கணவர் மென்னோவுக்கு மாசி மாதத்தில் பக்கவாதம் வந்திருந்தது. டீனா அதற்கு முன்பு வண்டியே ஓட்டியதில்லை.

"வா ஆர்லிஸ்," என்றார் டீனா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "லோவெல் பண்ணினதைப் பாத்தியா? காலைல வந்து எங்க நாற்காலியைக் கேட்டார். எதுக்குன்னே எனக்குப் புரியலை. அடுத்த வருஷம் நாங்க வர்றதா இல்லைன்னுதான் இருந்தோம்." பிறகு பிக்கப்பையும் பின்னால் பூட்டியிருந்த வீட்டையும் பார்த்தார். "நீ எங்க கிளம்பினே?"

முன்னால் ஓட்டத்தான் வழி இருந்தது; ஓட்டினார். எங்கள் பாதை ஒரு வட்டம். அது அவரைச் சுற்றிக் கொண்டுவந்து, வாயிலில் நின்ற அத்தனை பேரையும் கடக்கவைத்து, மறுபடி பதினேழாம் மனையின் வாசலுக்கே சேர்த்தது. குழாய் முழுத் தூரமும் கூடவே வந்தது. பாதையின் நடுவில் ஒருவர் இரு கைகளையும் உயர்த்தி நின்றுகொண்டிருந்தார். கொரின்.

"நிறுத்துங்க. உங்க குழாய் பின்னால இழுத்துக்கிட்டு வருது."

ஆர்லிஸ் நிறுத்தினார். கண்ணாடியில் பார்த்தார். பார்த்துவிட்டு ஸ்டீரிங்கின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். அதற்குள் நாற்காலிகள் வெளியே வந்துவிட்டன. கொரின் யாரையும் கேட்காமல் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, குழாயைக் கழற்றி, மூடி போட்டு, ஓரமாகச் சுருட்டி வைத்தார். பிறகு பிக்கப்பின் கதவருகே வந்தார்.

"ஒண்ணும் ஆகலை. முனைதான் உடைஞ்சிருக்கு. எங்கிட்ட வேற முனை இருக்கு. நீங்க உள்ள ஏத்துங்க, நான் மாட்டித் தர்றேன்."

ஆர்லிஸ் நிமிரவில்லை.

"ஏத்துங்க. பின்னாடி வண்டி வந்தா வழி இருக்காது."

"எனக்குத் தெரியாது," என்றார் ஆர்லிஸ்.

"என்ன தெரியாது?"

"ரிவர்ஸ் எடுக்கத் தெரியாது." இப்போது நிமிர்ந்தார், குரலும் உயர்ந்தது. "ஒரு நாளும் எடுத்ததில்லை. கார்த்திகைல சிலிண்டர் கொண்டுவந்த ஆளுதான் ஏத்தினான். போதுமா? போய் உன் வாளிக்காரிங்க எல்லார்கிட்டயும் சொல்லு."

சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. நாற்காலி வரிசைக்குத் தெளிவாகக் கேட்டிருந்தது. ராய்ஸ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார்.

கொரின் கதவின்மேல் கைவைத்தார். "அதனாலதான் நாற்பத்தொண்ணு வேணுமா?"

"உனக்குத்தான் கிடைக்கும்னு நினைச்சேன். உன் நாற்காலி அங்கயே கிடந்ததே."

"எனக்கு எதுக்கு அது? அந்த மனைல நிழலே கிடையாது." கொரின் கதவைத் திறந்தார். "சரி, கேளுங்க. கையை ஸ்டீரிங்கோட அடியில வைங்க. அடியில. வீட்டோட பின்பக்கம் எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்க. அவ்ளோதான். கொஞ்சமா. நான் பின்னால நின்னு கை காட்டறேன்."

"உனக்குக் கை காட்டத் தெரியுமா?"

"அதுல என்ன இருக்கு?"

அதில் நிறைய இருந்தது. ஆர்லிஸ் தம் செம்மஞ்சள் கையுறைகளை ஜன்னல் வழியாக நீட்டினார்; கொரின் மாட்டிக்கொண்டு பின்னால் போனார். யாரிடமும் சைகை வாங்காமலே வாழ்ந்தவர் அவர். கை எங்கே போகிறதென்று அவருக்கே தெரியவில்லை. வா என்பதும் போ என்பதும் ஒன்றுபோலவே இருந்தன. ஆர்லிஸ் இரண்டடி நகர்த்தி நிறுத்தினார். தலையை வெளியே நீட்டினார்.

"உன் மூஞ்சி எனக்குத் தெரியலை. கருவேல மரத்துக்குப் பின்னால நின்னுக்கிட்டு யாருக்குக் கை காட்டறே? இந்தப் பக்கம் வா. இன்னும். கண்ணாடியில தெரியணும்."

"இப்பத் தெரியுதா?"

"தெரியுது. இப்ப இடதா வலதா? ஒரு கையை மட்டும் நீட்டு. ரெண்டையும் ஆட்டாதே, நீ என்ன கோழியா விரட்டறே?"

நாற்காலி வரிசையில் சிரிப்பு எழுந்தது. இந்த முறை அது யாரைப் பார்த்து என்பதைப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆர்லிஸ் கையை ஸ்டீரிங்கின் அடியில் வைத்தார். வீட்டின் பின்பக்கம் இடப்புறம் போனது. தம் கை சொன்னபடி அது போனது என்று புரிய அவருக்கு ஒரு கணம் ஆனது. முன்னால் இழுத்தார், மறுபடி தள்ளினார். மரத்தை உரசப் பார்த்தது, நிறுத்தினார். கொரின் முஷ்டியை மடக்க மறந்து "நில்லு, நில்லு" என்று வாயால் சொன்னதற்கும் திட்டு வாங்கினார். வெயில் உச்சிக்கு ஏறும்வரை இது நடந்தது. கடைசியில் இழுவை வீடு பதினேழாம் மனைக்குள் நின்றது, கோணலாக, ஒரு சக்கரம் சரளைக்கு வெளியே.

ராய்ஸ் எழுந்து நின்று நான்கு விரல்களைக் காட்டினார்.

"மூணுதான் குடுத்திருக்கணும்," என்றார் கொரின், வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

"கை காட்டினவளுக்கு ஒண்ணு," என்றார் ஆர்லிஸ்.

அன்று மாலை அவர் அலுவலகத்துக்கு வந்தார். அடுத்த குளிர்காலத்துக்குப் பதினேழாம் மனையையே தமக்கு வைக்கச் சொன்னார். கர்ட்டிஸிடம் பேசிவிட்டாராம், இழுவை வீடு விற்பனைக்கு இல்லையாம். கோணலைச் சரிசெய்யவில்லையா என்று கேட்டேன். நாளைக்குச் செய்வதாகச் சொன்னார், தாமே. பிறகும் போகாமல் மேசை ஓரத்தில் நின்றார்.

"கொரின் அடுத்த வருஷம் எங்க?"

"பதினெட்டுதான். நேத்தே சொல்லிட்டாங்க."

ஆர்லிஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தார். வெளியே கொரின் நான்கைந்து பெண்களுக்கு நடுவில் நின்று, உடைந்த குழாய்முனையைக் கையில் வைத்துக்கொண்டு எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். ஆர்லிஸின் செம்மஞ்சள் கையுறைகள் இன்னும் கொரினின் இடுப்பில்தான் செருகியிருந்தன.

"பாரு, கையுறையைத் திருப்பிக் குடுக்கணும்னு தோணுதா அவளுக்கு," என்றார். "அதுவும் நல்லாத்தான் இருக்கு அவளுக்கு. என்னைவிட."

கதவுவரை போய்த் திரும்பினார்.

"நாளைக்கு அந்த வாளி எல்லாம் எத்தனை மணிக்கு நடறாங்கன்னு உனக்குத் தெரியுமா? சும்மாத்தான் கேட்டேன்."